யூனிட்டியின் இன்ஸ்டால் கட்டணமும் பாதியில் நிற்கும் உங்கள் கேமும்

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கேம் செய்ய உதவும் மென்பொருளான, அதாவது கேம் என்ஜினான, யூனிட்டியின் நிறுவனம் ஒரு இன்ஸ்டாலுக்கு 20 சென்ட்தானே கேட்டது, பத்து டாலருக்கு விற்கும் கேமில் அது ஒரு தொகையா, இதற்கா 2023-இல் டெவலப்பர்கள் அப்படிக் கொதித்தார்கள் என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது. இரண்டு வருடமாக யூனிட்டியில் செய்து பாதி முடித்த கேமை அங்கேயே முடிப்பதா, இல்லை யாரும் இலவசமாக எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூல என்ஜினான கோடோவுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்பது. நான் பல வருடங்களாக கேம் ஸ்டுடியோக்களில் புரோகிராமராக இருக்கிறேன். ஒரு புராஜெக்ட் தொடங்கும் முன் என்ஜின் லைசென்ஸை வரி வரியாகப் படித்து, எங்கே சிக்கல் வரும் என்று சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. வக்கீல் இல்லை. ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதை, ஒப்பந்தங்களைப் படித்துப் பழகிய ஒரு டெவலப்பரின் புரிதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்த 20 சென்ட் கணக்கே பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி 'ரன்டைம் ஃபீ' என்ற கட்டணத்தை அறிவித்தது. 2024 ஜனவரி 1 முதல், ஒரு கேம் இரண்டு வரம்புகளைத் தாண்டினால், அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் பணம் கட்ட வேண்டும். இலவசமான பெர்சனல் லைசென்ஸுக்கு வரம்பு, கடந்த 12 மாதங்களில் 2 லட்சம் டாலர் வருமானமும் மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டாலும். ப்ரோ, என்டர்பிரைஸ் லைசென்ஸ்களுக்கு 10 லட்சம் டாலரும் 10 லட்சம் இன்ஸ்டாலும். இரண்டையும் தாண்டினால்தான் கட்டணம். 20 சென்ட் என்பது பெர்சனலுக்கான விலை. ப்ரோவில் 15 சென்டில் தொடங்கி, எண்ணிக்கை ஏற ஏற 2 சென்ட் வரை இறங்கும். சில நாடுகளில் நடக்கும் இன்ஸ்டால்களுக்கு இன்னும் குறைவான தனி விலை.

இந்த வரம்புகளை வைத்துப் பார்த்தால் உங்கள் வாதத்தில் பாதி சரி. பத்து டாலர் கேம் ஒன்று 10 லட்சம் இன்ஸ்டாலைத் தொட்டிருந்தால், அந்த ஸ்டுடியோ ஏற்கெனவே பல லட்சம் டாலர் பார்த்திருக்கும். அதற்கு மேல் விற்கும் பிரதிக்கு 15 சென்ட் என்பது விலையில் ஒன்றரை சதவீதம். போட்டி என்ஜினான அன்ரியல், ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு 5 சதவீதம் ராயல்டி வாங்குகிறது. அதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். தனியாக உட்கார்ந்து முதல் கேம் செய்கிற ஒருவர் இந்தக் கட்டணத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அன்றைக்கு "என் கேம் ஹிட்டானால் நான் கடனாளி ஆவேன்" என்று எழுதிய பலர் இரண்டு வரம்புகளையும் சேர்த்துப் பார்க்கவில்லை, ப்ரோவுக்கு மாறினால் வரம்பு ஐந்து மடங்கு உயரும் என்பதையும் கவனிக்கவில்லை.

இலவசமாகக் கொடுத்து, விளம்பரத்திலும் உள்ளே விற்கும் சின்னச் சின்னப் பொருட்களிலும் சம்பாதிக்கும் மொபைல் கேம்களுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே ஒரு இன்ஸ்டாலிலிருந்து சராசரியாகக் கிடைப்பது சில சென்ட்கள்தான் என்ற நிலை சாதாரணம். இரண்டு வரம்பையும் தாண்டிய ஒரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் புதிதாக ஒரு லட்சம் பேர் இறக்குகிறார்கள், ஆளுக்குச் சராசரி 10 சென்ட் வருகிறது என்று வைத்தால் வரவு 10,000 டாலர். ப்ரோவின் முதல் படி விலையில் யூனிட்டிக்குக் கட்ட வேண்டியது 15,000 டாலர். ஆப் ஸ்டோரின் பங்கு, விளம்பரச் செலவு, சம்பளம் எதையும் இன்னும் கழிக்கவே இல்லை. ராயல்டியில் இப்படி நடக்கவே முடியாது. வந்ததில் ஒரு பங்கு என்பதால், வராததிலிருந்து எதுவும் போகாது. யூனிட்டி தேர்ந்தெடுத்த அளவுகோல் வருமானத்தோடு ஒட்டாத ஒன்று, அதுவும் டெவலப்பரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று. ஒரே ஆள் போன், டேப்லெட், கணினி மூன்றிலும் போட்டால் என்ன, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் என்ன, திருட்டுப் பிரதிக்கு யார் பொறுப்பு, ஒருவர் வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் இன்ஸ்டால் செய்து ஒரு ஸ்டுடியோவைப் பழிவாங்கினால் யார் தடுப்பது என்று முதல் நாளே கேள்விகள் குவிந்தன.

அதற்கு வந்த பதில்கள்தான் நிலைமையை மோசமாக்கின. திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் கணக்கு உண்டு என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒரு கருவிக்கு முதல் தடவை மட்டும் என்றார்கள். தர்ம நோக்கத்துக்காக விற்கும் தொகுப்புகளுக்கு விலக்கு என்றார்கள். கேம் பாஸ் போன்ற சந்தா சேவைகளில் வரும் இன்ஸ்டாலுக்கு டெவலப்பர் கட்ட வேண்டாம், அந்த சேவையை நடத்துபவர் கட்டுவார் என்றார்கள். எண்ணிக்கையை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டால், தங்களுக்கே உரிய தரவு மாதிரி ஒன்றை வைத்துக் கணக்கிடுவதாகப் பதில் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பில்லை அனுப்புகிறவர் அதைச் சரிபார்க்கும் வழியைத் தர மறுத்தால், எந்தத் தொழிலிலும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் பார்வையில் 20 சென்டைவிட இந்த ஒரு பதில் செய்த சேதம் அதிகம்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது, உங்கள் முடிவுக்கு முக்கியமானது அதுதான். கட்டணம் புதிதாகச் செய்யப்போகும் கேம்களுக்கு மட்டும் அறிவிக்கப்படவில்லை. ஐந்து வருடம் முன்னால் வெளியிட்டு, விலை, ஒப்பந்தம், பங்கு எல்லாம் முடிவு செய்து விற்றுக்கொண்டிருக்கும் கேமுக்கும் 2024 ஜனவரியிலிருந்து நடக்கும் புது இன்ஸ்டால்கள் எண்ணப்படும். வரம்பை எட்ட பழைய இன்ஸ்டால்களும் சேரும். இதே நிறுவனம் 2019 ஜனவரியில் இம்ப்ராபபிள் என்ற நிறுவனத்தோடு ஒரு லைசென்ஸ் தகராறில் மாட்டியபோது, டெவலப்பர்களின் பயத்தைத் தணிக்க ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது. விதிமுறைகள் மாறி அது உங்களுக்குப் பாதகமாக இருந்தால், நீங்கள் பயன்படுத்தும் யூனிட்டி பதிப்புக்கு உரிய பழைய விதிமுறையிலேயே தொடரலாம் என்பது அதன் சாரம். விதிமுறை மாற்றங்களை எல்லாரும் பார்க்க, நிரல்களையும் ஆவணங்களையும் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு பக்கமும் வைத்தார்கள். 2023 செப்டம்பரில் டெவலப்பர்கள் தேடிப் போனபோது அந்தப் பக்கம் இல்லை, அந்த வாக்கியமும் புதிய விதிமுறையில் இல்லை. பெரும்பாலோர் நம்பிக்கை இழந்தது இந்த இடத்தில்தான். விலை ஏறினால் ஒரு ஸ்டுடியோ பட்ஜெட்டை மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். முடிந்துபோன வேலையின் விலையையும் இன்னொருவர் பின்னாளில் மாற்ற முடியும் என்றால் பட்ஜெட் போடுவதற்கே அர்த்தமில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? நிறுவனம் தொடர்ந்து நஷ்டத்தில் இருந்தது உண்மை. 2022-இல் மட்டும் நிகர நஷ்டம் 90 கோடி டாலருக்கு மேல். அதே வருடம் ஐயர்ன்சோர்ஸ் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை 440 கோடி டாலர் மதிப்பில் இணைத்துக்கொண்டார்கள். யூனிட்டியின் பிற சேவைகளை, குறிப்பாக லெவல்பிளே என்ற விளம்பரச் சேவையைப் பயன்படுத்துபவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. இவை உறுதியானவை. விளம்பரத் தொழிலில் போட்டியாளரான ஆப்லவினிடமிருந்து மொபைல் ஸ்டுடியோக்களை இழுப்பதுதான் கட்டணத்தின் உண்மையான நோக்கம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்தக் கழிவைப் பார்க்கும்போது எனக்கும் அது நம்பும்படி இருக்கிறது, ஆனால் அது ஊகம்தான்.

எதிர்ப்பு வெறும் கூச்சலாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொபைல் ஸ்டுடியோக்கள் பல சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதி, தங்கள் கேம்களில் யூனிட்டி, ஐயர்ன்சோர்ஸ் விளம்பரங்களை நிறுத்தின. நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருவதால், அதுதான் நேரடியாக வலித்திருக்கும் அடி. டெரேரியா என்ற கேமைச் செய்த ரீ-லாஜிக், கோடோவுக்கும் எஃப்என்ஏ என்ற இன்னொரு திறந்த மூலத் திட்டத்துக்கும் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்து, மாதம் தலா ஆயிரம் டாலரும் தருவதாக அறிவித்தது. ஸ்லே தி ஸ்பையர் என்ற கேமைச் செய்த மெகா கிரிட், இரண்டு வருடத்துக்கும் மேலாக யூனிட்டியில் செய்துகொண்டிருந்த தங்கள் அடுத்த கேமையே வேறு என்ஜினுக்கு மாற்றுவோம் என்றது, பிறகு கோடோவுக்கு மாறவும் செய்தது. இதற்கு நடுவே கொலை மிரட்டல் காரணமாக யூனிட்டி இரண்டு அலுவலகங்களை மூட வேண்டி வந்தது. எந்தக் கோபமும் அதை நியாயப்படுத்தாது. அந்த அலுவலகங்களில் இருந்த என்ஜினியர்களில் பெரும்பாலோருக்கு இந்த முடிவில் எந்தப் பங்கும் இருந்திருக்காது.

பத்து நாளில் யூனிட்டி இறங்கி வந்தது. செப்டம்பர் 22 அன்று வெளியான திருத்தத்தின்படி பெர்சனலுக்குக் கட்டணமே இல்லை. மற்றவர்களுக்கும் 2024-இல் வரும் அடுத்த பெரிய பதிப்பில் செய்த கேம்களுக்கு மட்டும்தான். வருமானத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல் போகாது, எண்ணிக்கையை ஸ்டுடியோவே சொன்னால் போதும். பழைய பதிப்பில் இருப்பவருக்குப் பழைய விதிமுறை என்ற வாக்குறுதியும் திரும்ப வந்தது. அக்டோபர் 9 அன்று தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிட்டெல்லோ விலகினார். 2024 ஜனவரியில் சுமார் 1,800 பேரை, அதாவது நான்கில் ஒரு பங்கு ஊழியர்களை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். அந்த மே மாதம் மேத்யூ பிராம்பெர்க் தலைமைக்கு வந்தார். முதல் அறிவிப்பு வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று, ரன்டைம் கட்டணத்தை முழுவதுமாக ரத்து செய்தார்கள். பதிலாக ப்ரோ சந்தா 8 சதவீதம் ஏறி ஆளுக்கு வருடம் 2,200 டாலர் ஆனது, என்டர்பிரைஸ் 25 சதவீதம் ஏறியது. பெர்சனலை இலவசமாகப் பயன்படுத்துவதற்கான வருமான வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சம் டாலராக உயர்ந்தது. இனி விலை மாற்றம் பற்றி வருடத்துக்கு ஒருமுறைதான் யோசிப்போம் என்றும் சொன்னார்கள்.

வெளியான கேம்களின் மீது பின்னாளில் ஒரு கட்டணத்தைப் போட ஒரு என்ஜின் நிறுவனத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்ற கேள்விக்கு இந்த விவகாரத்தில் எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. வழக்காகும் முன்பே நிறுவனம் பின்வாங்கிவிட்டது. ஆகவே "அது செல்லவே செல்லாது" என்று யாராவது அடித்துச் சொன்னால், அதை அவர் விருப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கேமுக்கு வருவோம். இன்றைய விதிமுறைப்படி, 12 மாதத்தில் உங்களுக்கு வரும் வருமானமும் கிடைத்த முதலீடும் சேர்ந்து 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை, 2024-இல் வந்த பெரிய பதிப்பான யூனிட்டி 6-இல் நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம். தாண்டினால், வேலை செய்யும் ஆளுக்கு ஒரு ப்ரோ சந்தா. அந்த அளவு வந்த கேமுக்கு இது தாங்கக்கூடிய செலவு. ஆகவே பணத்தை மட்டும் வைத்து இந்தக் கேமை இப்போது மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

மாற்றும் செலவு வெளியே தெரிவதைவிடப் பெரியது. கோடோவிலும் சி ஷார்ப் மொழி இருக்கிறதே, எழுதிய நிரலை அப்படியே கொண்டுபோகலாமே என்று நினைப்பீர்கள். விளையாட்டின் விதிகளை எழுதிய கோடு ஓரளவு வரும். சீன்கள், பிரீஃபாப்கள் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தயாராக வைத்த பொருட்கள்), அனிமேஷன் கட்டமைப்பு, ஷேடர்கள் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் நிரல்கள்), யுஐ, இன்புட், நீங்கள் யூனிட்டியின் கடையான அசெட் ஸ்டோரில் வாங்கியவை, இதெல்லாம் வராது, திரும்பச் செய்ய வேண்டும். யூனிட்டி இடக்கை ஆய அச்சு முறையில் இயங்குகிறது, கோடோ வலக்கை முறையில், அதாவது ஓர் அச்சின் திசை தலைகீழ். முப்பரிமாணக் கேமில் சுழற்சிக் கணக்குகள் எல்லாம் ஒருமுறை உங்களைத் திணறடிக்கும். இயற்பியல் என்ஜினும் வேறு என்பதால், மாதக்கணக்கில் திருத்தித் திருத்திச் சரியாக்கிய ஒரு குதிப்பின் கனம் அங்கே அதே எண்களில் அப்படியே வராது. மெகா கிரிட் செய்ததே என்று கேட்கலாம். அவர்களிடம் முந்தைய வெற்றியின் பணமும், அனுபவமுள்ள குழுவும் இருந்தன, இருபரிமாணச் சீட்டுக் கேம் என்பதும் உதவியிருக்கும். தனியாளுக்கு இதே முடிவு, கேமே வெளிவராமல் போவதாக முடியலாம். பாதியில் என்ஜின் மாற்றியதால் இறந்துபோன கேம்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் கட்டணத்தால் இறந்த ஒன்றையும் இன்னும் பார்க்கவில்லை.

இதனால் கோடோவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எம்ஐடி என்ற அதன் திறந்த மூல லைசென்ஸில் இருக்கும் பலம் யூனிட்டியிலும் அன்ரியலிலும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பிரதியின் உரிமையை யாராலும் பின்னாளில் திரும்பப் பெற முடியாது, திட்டத்தை நடத்துபவர்களாலும் முடியாது. இருபரிமாணத்தில் இன்று தாராளமாக நம்பலாம். பெரிய முப்பரிமாண உலகங்களில் இன்னும் யூனிட்டி, அன்ரியல் அளவுக்கு முதிரவில்லை என்பது என் அனுபவம். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கன்சோல்களின் விஷயம் தனி. கன்சோல் நிறுவனங்களின் இரகசிய ஒப்பந்தங்களால் கன்சோலுக்கான நிரலைத் திறந்த மூலத்தில் சேர்க்க முடியாது, ஆகவே பெரும்பாலும் டபிள்யூ4 கேம்ஸ் போன்ற வெளி நிறுவனங்களிடம் பணம் கொடுத்துத்தான் போக வேண்டியிருக்கும். 'முழுக்க இலவசம்' என்பதில் இந்த ஒரு விலக்கை மறந்துவிடாதீர்கள். அன்ரியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும்: அதன் ஒப்பந்தத்தில், நீங்கள் இறக்கிய பதிப்புக்கு அந்தப் பதிப்பின் நிபந்தனையே தொடரும் என்ற பாதுகாப்பு இருக்கிறது.

பதிப்புக்கு உரிய விதிமுறை என்ற இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு எல்லை உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. காகிதத்தில் பழைய பதிப்பிலேயே இருக்க உரிமை இருந்தாலும், கூகுள் பிளே வருடா வருடம் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு உரிய ஏபிஐ அளவைக் கட்டாயமாக்குகிறது, ஆப்பிள் புதிய எஸ்டிகே, அதாவது தன் புதிய மென்பொருள் கருவித் தொகுப்பில் செய்ததைக் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பழைய பதிப்பில் செய்த கேமைப் புதுப்பிக்க முடியாமல் போகும். 2025 அக்டோபரில், 2017.1 முதலான யூனிட்டி பதிப்புகளில் செய்த கேம்களைப் பாதிக்கும் ஒரு பாதுகாப்புக் குறை வெளியானது. யூனிட்டி 2019.1 வரையிலான பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் கொடுத்தது, நல்ல விஷயம். ஆனால் அப்படித் தர வேண்டிய கட்டாயம் என்றென்றைக்கும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. கணினிக் கேம் என்றால் பழைய பதிப்பில் பல வருடம் ஓட்டலாம். மொபைல் என்றால் அந்தப் பாதுகாப்புக்கு ஆயுள் குறைவு.

என் யோசனை, இந்தக் கேமை யூனிட்டியிலேயே முடியுங்கள். இப்போது இருக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை வெளியீடு வரை மாற்றாதீர்கள், சின்னத் திருத்தப் பதிப்புகளை மட்டும் போடுங்கள். அந்தப் பதிப்பின் விதிமுறையை இன்றைய தேதியோடு பிடிஎஃப்பாகச் சேமித்து, புராஜெக்ட் கோப்புகளோடு வையுங்கள். 2023-இல் பழைய வாக்கியத்தை எடுத்துக் காட்ட முடிந்ததே அதன் பிரதி சிலரிடம் இருந்ததால்தான். இனி எழுதும் கோடில், சண்டைக் கணக்கு, சேமிப்பு, உரையாடல், பொருளாதாரம் போன்றவற்றை யூனிட்டியின் அடிப்படை வகுப்பான மோனோபிஹேவியரை நம்பாத சாதாரண சி ஷார்ப் வகுப்புகளில் எழுதுங்கள். பழையதை எல்லாம் உடைத்துத் திரும்ப எழுத வேண்டாம், கைபடும் இடத்தில் மட்டும் செய்தால் போதும். என்றாவது மாற வேண்டி வந்தால் அந்தப் பகுதி அப்படியே உங்களோடு வரும், மாறாவிட்டாலும் டெஸ்ட் செய்ய எளிதாக இருக்கும். அப்புறம், கேம் வெளியான பிறகு ஒரு வார இறுதியில் முடியும் அளவுக்குச் சின்னதாக ஏதாவது கோடோவில் செய்து பாருங்கள். அடுத்த கேமின் என்ஜினை அந்தப் பழக்கத்தை வைத்து முடிவு செய்யலாம்.

இந்த யோசனை மாறக்கூடிய சூழல் ஒன்று உண்டு. உங்கள் கேம் இருபரிமாணம், கணினிக்கு மட்டும், அசெட் ஸ்டோர் பிளக்இன்களை அதிகம் நம்பாதது என்றால், மாற்றும் வேலை நான் பயமுறுத்திய அளவுக்கு இருக்காது. முப்பரிமாணமா, எந்தத் தளங்களில் வெளியிடப் போகிறீர்கள், வெளியில் வாங்கிய பிளக்இன்கள் எத்தனை என்று எழுதினால், அதை வைத்து இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.